உயில் எழுதுவது அபசகுனமா?



கேமரன் மலையின் மழைக்காலத்தைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. பிற்பகல் இரண்டு மணிக்கே மேகம் இறங்கித் தேயிலைச் சரிவுகளை மூடிவிடும். அப்படிப்பட்ட ஒரு பிற்பகலில், பள்ளி விட்டுப் பிள்ளைகள் போன பிறகு, ஓர் அம்மா எங்களைத் தேடி வந்தார். அவருடைய மூன்று பிள்ளைகளும் எங்களிடம் படித்தவர்கள். கடைசிப் பையன் அப்போதும் படித்துக்கொண்டிருந்தான். கையில் ஒரு பழைய ரொட்டி டின். நனையாமல் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"சார், அவர் போய் மூணு மாசமாச்சு. இதிலே என்னென்ன இருக்கு, எங்களுக்கு என்ன கிடைக்கும்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்றார்.

டின்னைத் திறந்தோம். கணவருடைய அடையாளக் கார்டு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள், ரிங்லெட்டில் வாங்கிய சிறிய வீட்டின் பத்திரம், காய்கறி போட்டிருந்த நிலத்துக்கு ஆண்டுதோறும் பணம் கட்டிய ரசீதுகள், ஊழியர் சேமநிதியின் கணக்கு. முப்பது ஆண்டு உழைப்பு அந்த டின்னுக்குள் இருந்தது. இல்லாதது ஒன்றே ஒன்றுதான். 'இன்னாருக்கு இன்னது' என்று அந்த மனிதர் எழுதிவைத்த ஒரு தாள் அதில் இல்லை.

நேயர்களே, அந்த ஒரு தாளைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப்போகிறோம். அதற்கு உயில் என்று பெயர்.

உயில் என்றதும் நம் வீடுகளில் என்ன சொல்கிறார்கள்? "நல்லா இருக்கிற மனுஷன் சாவைப் பத்தி எழுதலாமா? அபசகுனம்" என்கிறார்கள். "அதெல்லாம் பங்களா, எஸ்டேட் வைத்திருக்கிறவர்களுக்கு, நமக்கு என்ன இருக்கிறது?" என்கிறார்கள். "பிள்ளைகளுக்குள்ளே பேசித் தீர்த்துக்கொள்வார்கள்" என்று சொல்பவர்களும் உண்டு. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று நம் முன்னோர் சொல்லிவைத்ததை அந்த நேரத்தில் மறந்துவிடுகிறோம்.

சரி, உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால் என்ன நடக்கும்? தீபகற்ப மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1958-ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டம் இருக்கிறது. முஸ்லிம்களுக்கு ஃபராயிட் எனப்படும் அவர்களுடைய சமயப் பங்கீடு தனியே உண்டு. நாம் பேசுவது முதல் சட்டத்தைப் பற்றி. இறந்தவருக்கு மனைவியும் பிள்ளைகளும் பெற்றோரும் இருந்தால், சொத்தை நான்காகப் பிரித்து மனைவிக்கு ஒரு பங்கு, பெற்றோருக்கு ஒரு பங்கு, பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்த்து இரண்டு பங்கு என்று அது சொல்கிறது. பெற்றோர் உயிரோடு இல்லை என்றால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. பிள்ளைகள் இல்லாமல் மனைவியும் பெற்றோரும் மட்டும் இருந்தால் ஆளுக்குப் பாதி. இறந்தவர் மனைவியாக இருந்தால் கணவனுக்கும் இதே கணக்குத்தான். 1997-இல் இந்தச் சட்டம் திருத்தப்படும் முன்பு, உயிலில்லாமல் இறந்த மனைவியின் சொத்து முழுவதும் கணவனுக்கே போனது. பிள்ளைகள் இருந்தால் வயதான பெற்றோருக்குப் பங்கே கிடையாது. அந்த இரண்டு குறையும் அப்போது நீக்கப்பட்டன.

ரொட்டி டின் கொண்டுவந்த அம்மாவின் வீட்டுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அந்த வீட்டின் விலை 120,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். கணவரின் தாயார், எண்பது வயதுப் பாட்டி, இன்னும் இருக்கிறார். ஆக அந்த அம்மாவுக்கு 30,000 வெள்ளிப் பங்கு. பாட்டிக்கு 30,000. பிள்ளைகள் மூவருக்கும் ஆளுக்கு 20,000. கணக்கு நியாயமானதுதான். ஆனால் வீட்டைக் கத்தியால் வெட்டி ஐந்தாக்க முடியுமா? கடைசிப் பையனுக்கு 18 வயது ஆகவில்லை. அவன் பங்கை விற்க வேண்டுமானால் நீதிமன்ற அனுமதி வேண்டும். பாட்டி காலமாகிவிட்டால் அவர் பங்கு அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கும் பிரியும். ஊரில் இருக்கிற சித்தப்பாவும் அத்தையும் அந்தச் சிறு வீட்டுக்குப் பங்காளிகள் ஆவார்கள். "வீடு உனக்குத்தான்" என்று அந்த மனிதர் மனைவியிடம் வாயால் பலமுறை சொல்லியிருக்கிறார். எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?

இந்தச் சட்டத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். பிள்ளைகள் என்றால் ஆணும் பெண்ணும் சமம். "பெண்ணுக்குத்தான் நகை போட்டுக் கட்டிக்கொடுத்துவிட்டோமே, அவளுக்கு ஏது பங்கு?" என்று சபையில் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். அது நம் பழைய வழக்கம். இந்த நாட்டின் சட்டம் அல்ல. யாழ்ப்பாணத்தில் டச்சுக்காரர்கள் 1707-இல் தொகுத்த தேசவழமையிலும், சீதனம் பெற்றுப்போன பெண் பெற்றோர் சொத்தில் மீண்டும் பங்கு கேட்க முடியாது என்றே இருந்தது. தமிழ்நாட்டில் இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்குப் போலவே மகளுக்கும் பிறப்பால் உரிமை உண்டு என்ற சட்டம் 1989-இல்தான் வந்தது. இந்தியா முழுமைக்கும் அது 2005-இல் வந்தது.

மகளுக்குப் பங்கு என்ற கேள்வி நம்முடையது மட்டுமல்ல. பினாங்கில் 1805-ஆம் ஆண்டில் தொடங்கிய யூதர்களின் இடுகாடு ஒன்று இன்றும் இருக்கிறது. அந்தத் தெருவுக்கு முன்பு ஜாலான் யஹூடி என்றே பெயர். அந்த யூத மக்களின் சமயச் சட்டத்தைக் கொஞ்சம் பார்ப்போம். அதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது.

நம்மில் கிறிஸ்தவ நேயர்கள் பைபிளில் எண்ணாகமம் 27-ஆம் அதிகாரத்தை அறிவீர்கள். செலொப்பியாத் என்பவர் ஆண்பிள்ளை இல்லாமல் இறந்துபோகிறார். அவருடைய ஐந்து பெண்களும் மோசேயின் முன் வந்து நின்று, "மகன் இல்லை என்பதற்காக எங்கள் தகப்பன் பெயர் அழிந்துபோகலாமா?" என்று கேட்கிறார்கள். அவர்கள் கேட்டது நியாயம் என்று தீர்ப்பாகிறது. அன்று முதல், மகன் இல்லாத வீட்டில் மகளுக்குச் சொத்து என்று ஆனது. ஆனால் மகன் இருந்தால்? அந்தச் சமயச் சட்டப்படி மகன்களுக்கே சொத்து. மூத்த மகனுக்கு இரட்டைப் பங்கு. மனைவி வாரிசு அல்ல. திருமணத்தின்போது எழுதிக் கொடுத்த கெத்துபா என்ற பத்திரத்தின்படி அவளுக்குரிய தொகையும், வாழ்க்கைச் செலவுக்கான உரிமையும் உண்டு. மகளை வளர்த்துக் கட்டிக்கொடுக்கும் செலவும் தகப்பன் சொத்திலிருந்து வர வேண்டும்.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. இறந்த நொடியிலேயே சொத்து வாரிசுகளுக்குப் போய்விடுகிறது. இறந்தவனுக்கு அதன்மேல் உரிமை இல்லை. உரிமை இல்லாதவன் 'என் சாவுக்குப் பிறகு இன்னாருக்கு' என்று எப்படிக் கொடுக்க முடியும்? இப்படிக் கேட்டது அந்தச் சட்டம்.

அப்படியானால் மகளிடம் பாசம் வைத்த தகப்பன் என்ன செய்தான்? சட்டத்தை மீறவில்லை, சட்டத்துக்குள்ளேயே வழி தேடினான். உயிரோடு இருக்கும்போதே சொத்தை நன்கொடையாக எழுதினான்: 'இன்றே உனக்கு உரியது, நான் இருக்கும்வரை பயன் எனக்கு.' ஐரோப்பிய யூதர்களிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. மகளின் கல்யாணத்தின்போது தகப்பன் அவளுக்கு ஒரு பெரிய தொகை கடன்பட்டிருப்பதாகப் பத்திரம் எழுதிக் கொடுப்பான். அவன் இறந்த பிறகு மகன்கள் அந்தக் கடனை முழுதாகக் கட்ட வேண்டும். இல்லையென்றால் ஒரு மகனுக்குக் கிடைப்பதில் பாதியைச் சகோதரிக்குக் கொடுக்க வேண்டும். கடனோ பெருந்தொகை, ஆகவே பங்கைக் கொடுப்பதே மகன்களுக்கு லாபம். இஸ்ரேல் நாட்டில் 1965-இல் வந்த வாரிசுரிமைச் சட்டம் ஆண், பெண் இருவருக்கும் சமபங்கு தருகிறது. ஆனாலும் சமயப் பற்றுள்ள குடும்பங்கள் நாட்டுச் சட்டத்துக்கும் சமயச் சட்டத்துக்கும் பொருந்தும்படி இன்றும் இப்படிப்பட்ட பத்திரங்களை எழுதிவைக்கின்றன.

பாருங்கள் நேயர்களே, அவர்களுடைய வேதமே பங்கை வகுத்துவிட்டது. அப்படியிருந்தும் அந்தத் தகப்பன்மார் "விதிப்படி நடக்கட்டும்" என்று கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. உயிரோடு இருக்கும்போதே பேனாவை எடுத்தார்கள். நமக்கோ அத்தனை தடை கிடையாது. நம்மை ஆளும் 1959-ஆம் ஆண்டின் உயில் சட்டம், நம் சொத்தை நாம் விரும்பியபடி எழுத உரிமை தருகிறது. அந்த உரிமையைத்தான் ரொட்டி டின்னில் போடாமல் விட்டுவிடுகிறோம்.

உயில் எழுதுவது எப்படி என்று இனிப் பார்ப்போம். பென்சில் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, எழுதுகிறவருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும்; தெளிந்த புத்தியோடு இருக்க வேண்டும். படுத்த படுக்கையாகி, நினைவு தடுமாறும்போது ஓடிவருவது வம்பை விலைக்கு வாங்குவதாகும்.

இரண்டாவது, அது எழுத்தில் இருக்க வேண்டும். தமிழிலும் எழுதலாம், நீதிமன்றத்துக்குப் போகும்போது மொழிபெயர்ப்புத் தேவைப்படும். கையெழுத்துப் போடத் தெரியாத தாத்தா பாட்டி கைரேகை வைக்கலாம். ஆனால் முழுவதையும் அவர்களுக்குப் படித்துக் காட்டி, புரிந்துகொண்டார்கள் என்பதையும் அதிலேயே எழுத வேண்டும்.

மூன்றாவது, உயிலின் முடிவில் கையெழுத்து. அந்தக் கையெழுத்தைப் போடும்போது இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். பிறகு அவர்களும் அவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். ஒருவரிடம் காலையிலும் மற்றவரிடம் மாலையிலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள்.

நான்காவது, இதை மிகவும் கவனித்துக் கேளுங்கள். உயிலில் பங்கு பெறுகிறவரோ, அவருடைய கணவனோ மனைவியோ சாட்சியாக இருக்கக் கூடாது. மகளுக்கு வீடு என்று ஆசையாக எழுதுகிறீர்கள். வெளியாள் எதற்கு என்று மருமகனையே சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்கிறீர்கள். முடிந்தது! உயில் நிற்கும், மகளுக்கு எழுதியது மட்டும் செல்லாது. ஆகவே சொத்தில் சம்பந்தமில்லாத இரண்டு பேரைக் கூப்பிடுங்கள்.

ஐந்தாவது, உயிலை நிறைவேற்றுகிறவர் ஒருவரை நியமியுங்கள். நாணயமானவராகவும் உங்களைவிட வயதில் இளையவராகவும் இருப்பது நல்லது. பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தால், இருவருமே இல்லாமற்போனால் அவர்களை யார் வளர்ப்பது என்று பாதுகாவலரின் பெயரையும் உயிலிலே எழுதலாம். நமக்குச் சொத்து இல்லை என்கிறவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் அல்லவா?

உயிலை எத்தனை முறையும் மாற்றலாம். ஆனால் உயில் எழுதிய பிறகு ஒருவர் கல்யாணம் செய்துகொண்டால், அந்தக் கல்யாணத்தை மனத்தில் வைத்து எழுதியதாக இருந்தாலொழிய, பழைய உயில் செல்லாமற் போகும். மனைவியை இழந்து மறுமணம் செய்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். கோபத்தில் மனைவியையோ கல்யாணமாகாத மகளையோ வயது வராத மகனையோ ஒன்றுமில்லாமல் ஒதுக்கிவிடலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். 1971-ஆம் ஆண்டின் குடும்பப் பராமரிப்புச் சட்டப்படி அவர்கள் நீதிமன்றத்தில் முறையிட்டு நியாயமான பராமரிப்பைப் பெற வழி உண்டு.

இனி, உயிலுக்குள் அடங்காத இரண்டு விஷயங்கள். நம் தோட்டத்து மக்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான்.

ஒன்று, இ.பி.எஃப். என்று நாம் சொல்லும் ஊழியர் சேமநிதி. 1951-இல் தொடங்கிய இந்த நிதிதான் பல தொழிலாளர் குடும்பங்களுக்கு வாழ்நாளில் சேரும் ஒரே பெருந்தொகை. அது உயிலைப் பார்த்துக் கொடுக்கப்படுவதில்லை. உறுப்பினர் யாரை வாரிசாக நியமித்துப் பதிந்தாரோ அவருக்கே போகும். முஸ்லிம் அல்லாதவர் நியமித்தவருக்கு அந்தப் பணம் சொந்தமாகவே போய்ச் சேரும். உயிலில் வேறு பெயர் எழுதினாலும் அந்த நியமனம் மாறாது. கல்யாணம் ஆனாலும் தானாக மாறாது.

அந்த ரொட்டி டின் அம்மாவுக்கு நேர்ந்தது இதுதான். அவர் கணவர் இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தபோது பாரத்தில் அண்ணன் பெயரைக் கொடுத்திருந்தார். அப்போது கல்யாணமாகவில்லை, அண்ணன்தான் அவருக்கு எல்லாம். பிறகு மனைவி வந்தார், மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள், முப்பது ஆண்டுகள் ஓடின. பாரம் மட்டும் அப்படியே இருந்தது. பணம் அண்ணனுக்குப் போயிற்று. அவர் கெட்டவர் அல்ல. பாதியைக் கொண்டுவந்து கொடுத்தார். மீதிப் பாதியைத் தம் கடனுக்குக் கட்டிவிட்டார். இப்போது இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு வந்தால் ஒரே கூடாரத்தின் இரண்டு மூலைகளில் உட்காருகிறார்கள். ஒரு பாரத்தைப் புதுப்பித்திருந்தால் அண்ணன் தம்பி உறவாவது மிஞ்சியிருக்கும்.

ஆகவே இந்த வாரமே பாருங்கள்: உங்கள் சேமநிதியில் யார் பெயர் இருக்கிறது? அந்த ஆள் உயிரோடு இருக்கிறாரா? யாருக்கு எத்தனை விழுக்காடு? மாற்ற வேண்டியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது, நிலம். நம் மலையில் காய்கறித் தோட்டம் போடுகிறவர்கள் பலர் டி.ஓ.எல். என்னும் தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தில்தான் பயிரிட்டு வந்திருக்கிறார்கள். தேசிய நிலச் சட்டப்படி அந்த உரிமத்தை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. உரிமம் பெற்றவர் இறந்தால் அதோடு அது முடிந்துவிடும். எத்தனை ஆண்டு பணம் கட்டியிருந்தாலும் அது கிராண்ட் ஆகாது. 'என் மூன்று ஏக்கரை மகனுக்கு எழுதுகிறேன்' என்று அதைப் பற்றி உயிலில் எழுதினால் அந்த வரிக்குப் பயனில்லை. குடும்பத்தார் நில அலுவலகத்தில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். கொடுப்பதும் மறுப்பதும் அரசின் முடிவு. தோட்டத்து லயன் வீடும் அப்படித்தான். வேலைக்கு உரிய வீடு, நமக்குச் சொந்தமல்ல. எது நம்முடையது, எது நம்முடையதல்ல என்று உயிரோடு இருக்கும்போதே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுவது நல்லது.

இவற்றோடு திருமணப் பதிவையும் சொல்லியாக வேண்டும். 1982 மார்ச் முதல் தேதிக்கு முன் நம் வழக்கப்படி நடந்த கல்யாணங்களைச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. அதற்குப் பிறகு நடந்தவை பதிவாக வேண்டும். கோயிலில் தாலி கட்டி, ஊரைக் கூட்டிச் சோறு போட்டது மட்டும் போதாது. பதிவு இல்லாத மனைவி கணவன் சொத்துக்கு முன் நின்று "நான் மனைவி" என்று நிரூபிக்கப் படும் பாடு கொஞ்சமல்ல. பிள்ளைகளின் வாரிசுரிமையும் கேள்விக்குள்ளாகிறது. பதிந்துவிட்டீர்களா என்று மாப்பிள்ளை வீட்டாரைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

ஏற்கெனவே குடும்பத் தலைவரை இழந்து, உயில் இல்லாமல் தவிக்கிற வீடுகளும் இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். நீங்கள் மனம் தளர வேண்டாம். நிலமோ வீடோ உள்ள சிறு சொத்துகளைப் பங்கிட 1955-ஆம் ஆண்டின் சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டம் இருக்கிறது. உயர் நீதிமன்றத்துக்குப் போகாமல், நில நிர்வாகத்தின் வழியே விசாரணை நடத்திப் பங்கு பிரிப்பார்கள். 2009-இல் 20 லட்சம் வெள்ளி வரையுள்ள சொத்துக்கு இந்த வழி திறந்தது. முன்பு பொது அறங்காவலர் என்றிருந்து 1995-இல் அமானா ராயா என்று மாறிய நிறுவனமும் உயில் எழுதவும் சொத்தை நிர்வகிக்கவும் உதவுகிறது. மரணப் பத்திரம், அடையாளக் கார்டுகள், திருமணப் பதிவு, பிறப்புப் பத்திரங்கள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு போங்கள். தாமதிக்காதீர்கள். வாரிசு ஒருவர் இறந்தால் பங்காளிகள் ஐந்து பேர் கூடுவார்கள்.

நிறைவாக ஒன்று. முன்பு சொன்ன யூதப் பெற்றோரிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. சொத்தை மட்டுமல்லாமல், பிள்ளைகளுக்குப் புத்திமதியையும் எழுதிவைப்பார்கள். 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யூதா இப்னு திப்பொன் என்ற மருத்துவர், அரபு நூல்களை எபிரேய மொழியில் பெயர்த்தவர், தம் மகன் சாமுவேலுக்கு அப்படி ஒரு கடிதம் எழுதினார். தாம் சேர்த்த புத்தகங்களை எப்படிக் காக்க வேண்டும், எப்படி ஒழுங்காக அடுக்கி வைக்க வேண்டும் என்றெல்லாம் அதில் சொல்லியிருக்கிறார். எண்ணூறு ஆண்டுகள் கடந்தும் அந்தக் கடிதத்தைப் படிக்கிறார்கள். நாமும் உயிலோடு ஒரு தாள் சேர்த்து எழுதலாம். 'தங்கையைக் கைவிடாதே', 'பாட்டியைப் பார்த்துக்கொள்', 'படிப்பை நிறுத்தாதே' என்று நாலு வரி போதும். சட்டம் அதைக் கேட்காது, பிள்ளைகள் கேட்பார்கள்.

அந்த அம்மா சென்ற ஆண்டு மறுபடியும் பள்ளிக்கு வந்தார். அதே ரொட்டி டின். தம் சேமநிதியில் மூன்று பிள்ளைகளின் பெயரையும் பதிந்துவிட்டாராம். வீட்டில் தம் பங்கை யாருக்கு என்று உயிலும் எழுதிவிட்டாராம். அதைப் படித்துப் பார்க்கச் சொன்னார். படித்தோம். அவருடைய பங்கு மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக இருந்தது. சாட்சிகள் இருவரும் பக்கத்து லயத்துக்காரர்கள், சொந்தமில்லை.

"அபசகுனம்னு தோணலையாம்மா?" என்று கேட்டோம்.

"எழுதாமப் போனதுதான் சார் அபசகுனம்" என்றார்.

நேயர்களே, இன்று இரவு உங்கள் வீட்டு டின்னையும் ஒருமுறை திறந்து பாருங்கள். வணக்கம்.